பன்னிரண்டு பலகைத் துண்டுகளும் ஒரு மொட்டைக் கோபுரமும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தது. பூ, பழம், வெற்றிலை எல்லாவற்றையும் தாம்பாளத்தோடு கூடத்து மேசையில் வைத்த அம்மா, டப்பாவை மட்டும் சமையலறைக்குள் எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"உசந்த பிஸ்கட்டு போலிருக்கு. தட்டுல அடுக்கிக் கொண்டா."

மூடியைத் திறந்தேன். உள்ளே தேக்குத் துண்டுகள். வழவழப்பாக இழைத்து, மெழுகு தேய்த்து, எல்லாம் ஒரே கனத்தில் இருந்தன. ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அம்மா ஒன்றை எடுத்து அம்மிக்கல்லில் தட்டிப் பார்த்தாள். "நமுத்துப் போகலை. ஆனா கடிக்க முடியாது" என்றாள்.

அதற்குள் கூடத்திலிருந்து ஒரு குரல் பதறிக்கொண்டு வந்தது. "அது பலகாரம் இல்லீங்க! தட்டுல வச்சுடாதீங்க!" மாப்பிள்ளையாக வர இருந்தவரின் குரலை நான் முதலில் கேட்டது அப்படித்தான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் தென்னூரில் குடியிருந்தோம். நான் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு, புத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அதற்கு முன்பு மூன்று இடம் வந்து, மூன்றும் நான் படித்த படிப்பைக் கேட்டதும் போய்விட்டது. ஒரு வீட்டில், "கணக்குப் படிச்ச பொண்ணு எதுக்கெடுத்தாலும் கணக்குக் கேக்கும்" என்று தரகரிடம் சொன்னார்களாம். நாலாவதாக வந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஒரு பட்டறையில் டிராயிங் போடும் உத்தியோகம். நான் கணக்கு டீச்சர் என்று கேள்விப்பட்டு, வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பட்டறை அதிகாரி ஒருவர் படித்துவிட்டுப் போட்ட வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்துத் தானே அறுத்துச் செய்ததாம்.

விஷயம் இதுதான். ஆறு சமபக்க முக்கோணங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால், பன்னிரண்டு விதமான உருவங்கள்தான் கிடைக்கும். பதின்மூன்றாவது கிடையாது. அந்தப் பன்னிரண்டையும் இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, பக்கத்துக்கு ஆறு முக்கோணம் நீளமுள்ள ஒரு சாய்சதுரம் செய்ய வேண்டும். துண்டுகளைத் திருப்பலாம், கவிழ்க்கலாம்.

அப்பா ஓர் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். எதையும் ஒருமுறை தொட்டால் பைசல் பண்ணாமல் வைக்க மாட்டார். "இவ்வளவுதானே தம்பி" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் காபித் தட்டோடு வந்தபோது அப்பாவும் அவரும் எதிரெதிரே மண்டியிட்டுக் குனிந்திருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். தொண்டையைச் செருமினேன். அவர் தலையை உயர்த்தாமலேயே, "அங்க வச்சுடுங்க" என்றார்.

அவருடைய அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, நாம பொண்ணப் பாக்க வந்தமா, பலகையைப் பாக்க வந்தமா?"

"ஒரு நிமிஷம்மா. சார் தப்பா வைக்கிறாரு."

தப்பாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எனக்கு அது தெரிந்தது. நண்டு மாதிரி கொடுக்கு விரித்த துண்டை ஓரத்தில் வைத்தால் மூலையில் எதுவும் நுழையாது. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "அப்பா, அந்த நண்டைக் கவுத்து நடுவுல வைங்க."

இரண்டு பேரும் இப்போதுதான் நிமிர்ந்தார்கள். நான் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பாதியைக் கலைத்து மறுபடி வைத்தேன். கெட்டிக்காரத்தனம் பாதி, அதிர்ஷ்டம் பாதி. ஆறிக்கொண்டிருந்த காபியின் மேல் ஆடை படிவதற்குள் கடைசித் துண்டு போய்ப் பொருந்திவிட்டது.

"எனக்குப் பதினோரு நாள் ஆச்சு" என்றார் அவர். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

அதோடு விட்டிருந்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் அவர், "இது சுலபமானது. கஷ்டமானது ஒண்ணு இருக்கு" என்று ஒரு காகிதம் கேட்டார். கைக்குக் கிடைத்தது என் ஜாதகம் வைத்திருந்த உறை. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு படம் வரைந்தார். அடியில் ஒன்பது முக்கோண நீளம், மேலே போகப்போகக் குறுகி ஆறு வரிசை, உச்சியில் மூன்று நீளத்தோடு மட்டம். கூம்பின் தலையைச் சீவிய மாதிரி.

"எங்க ஊரு மொட்டைக் கோபுரம்" என்றார். ஸ்ரீரங்கத்தில் தெற்கே, கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கோபுரத்தைத்தான் அப்போது எல்லோரும் அப்படிச் சொல்வார்கள். "எண்ணிப் பாருங்க. எழுபத்திரண்டு முக்கோணம். பன்னிரண்டு ஆறும் எழுபத்திரண்டு. சரியா வரும்."

"நீங்க போட்டிருக்கீங்களா தம்பி?" என்று அப்பா கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். "போட்டாச்சு சார்."

புறப்படும்போது டப்பாவை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். "முடிச்சதும் சொல்லியனுப்புங்க, வந்து வாங்கிக்கறேன்." அவருடைய அம்மா மட்டும் வாசலில் நின்று, "நாங்க லெட்டர் போடறோம்மா" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

லெட்டர் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. "முதல்ல இதை முடிப்போம். முடிக்காம எந்த முகத்தோட போய்ப் பேசறது? மாப்பிள்ளை நம்மளச் சோதிக்கறாரு" என்றார். காலையில் பல் துலக்கும்முன் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆபீஸில் தலைக்குமேல் வேலை என்பார்; அந்த வேலை என்ன என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் கொடுத்த மனு, பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்களோடு திரும்பிவந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, "சார், இது ஏதாவது குறையா? நான் திருப்பி எழுதணுமா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

தினமும் ஒரே கதைதான். பதினொரு துண்டு உட்கார்ந்துவிடும். பன்னிரண்டாவது உட்காராது. மிச்சமிருக்கும் இடம் ஒரு உருவமாக இருக்கும், கையிலிருக்கும் துண்டு வேறு உருவமாக இருக்கும். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்று அப்பா கூவுவார். ஒருநாள் அம்மா எட்டிப்பார்த்து, "அந்த மூக்கை மட்டும் அறுத்து அந்தப் பக்கம் ஒட்டிட்டா சரியாப் போயிடுமேங்க" என்றாள். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

எதிர்வீட்டு பாய், பெரிய கடைவீதியில் பைண்டிங் கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், நின்றுகொண்டே ஒரு துண்டை நகர்த்தினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு உட்கார்ந்தார். போகும்போது, "இன்ஷா அல்லா, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம் அண்ணே" என்றார். மறுநாள் கடையில் கெட்டி அட்டையை வெட்டித் தனக்கென்று ஒரு செட் செய்துகொண்டார். அப்பாவுக்கு ஆபீஸில் வைத்துக்கொள்ள ஒன்று. மூன்றாவதாக ஒரு செட்டை யாருக்கும் தெரியாமல் என் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அரிசிப் பானைக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்திருந்ததை நான் கண்டுபிடித்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இல்லடி, அவருக்கு முன்னாடி நான் முடிச்சுட்டா லெட்டராவது சீக்கிரம் வரும்னு பாத்தேன்" என்றாள். பதினொரு துண்டு வரை அவளும் வந்திருந்தாள்.

இரண்டு வெள்ளிக்கிழமை போனதும் அப்பா கேட்டார். "என்ன பாய், வெள்ளிக்கிழமைன்னீங்க?"

"எந்த வெள்ளின்னு நான் சொல்லலையே அண்ணே."

நானும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடினால் நண்டும் பாம்பும் கொக்கியும் சுழன்றன. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தால் அதோடு இன்னும் ஐந்தை ஒட்டத் தோன்றும். ஆனால் என்னை உண்மையில் அரித்த கேள்வி வேறு. அவர் இதைப் போட்டுவிட்டார், என்னால் முடியவில்லை. அப்படியென்றால் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். எனக்கு அது பிடித்திருந்தது. அதே அளவுக்குப் பிடிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் சிவப்புப் பென்சில். அலுப்பில், உறையின் பின்னால் இருந்த கோபுரப் படத்தில், நுனி மேலே பார்க்கும் முக்கோணங்களை எல்லாம் சிவப்பாகத் தீட்டினேன். நுனி கீழே பார்ப்பவற்றை வெள்ளையாக விட்டேன். பார்க்க அழகாக இருந்தது. எண்ணினேன். சிவப்பு முப்பத்தொன்பது. வெள்ளை முப்பத்துமூன்று.

பிறகு துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் எப்போதும் எதிரெதிர் நிறம். அதனால் அநேகமாக ஒரு துண்டை எங்கே, எப்படி வைத்தாலும் மூன்று சிவப்பும் மூன்று வெள்ளையும்தான் மறையும். பத்துத் துண்டுகள் அப்படி. படகு மாதிரி ஒன்றும், அதற்குச் சகோதரி மாதிரி இன்னொன்றும் மட்டும் விதிவிலக்கு. அவை நாலுக்கு இரண்டு மறைக்கும். பத்து மூன்று முப்பது. இந்த இரண்டும் தலா நாலு சிவப்பை மறைத்தால்கூட எட்டு. ஆக முப்பத்தெட்டு.

வேண்டியது முப்பத்தொன்பது. ஒன்று குறைகிறது. நான் மூன்று தடவை கூட்டினேன். கூட்டல் என்னவோ ஒன்றாம் வகுப்புக் கூட்டல்தான். பாயும் அப்பாவும் நானும் என்ன, ஊரே திரண்டு உட்கார்ந்தாலும் இந்த மொட்டைக் கோபுரம் எழும்பாது.

ஒரு நிமிடம் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடம், "போட்டாச்சு சார்" என்ற குரல் காதில் கேட்டது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். சிவப்பையும் வெள்ளையையும் தானே ஒருதரம் எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப நான் முட்டாள் இல்ல!" வாசலுக்குப் போய், "பாய்! நாம முட்டாள் இல்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பாதி வழியில் அவருக்கு மீதி விஷயம் உறைத்தது. திரும்பி வந்தார்.

"அப்ப அந்தத் தம்பி பொய் சொல்லியிருக்காரு."

"ஆமாப்பா."

"பாக்க வந்த வீட்டுல, அதுவும் காபி குடிச்சுக்கிட்டே." அந்தக் காபிதான் அப்பாவை அதிகம் புண்படுத்தியது போலிருந்தது. "இந்த இடம் வேண்டாம். டப்பாவைப் பார்சல் பண்ணிடலாம்."

பாய் சமாதானம் பேசினார். "அவசரப்படாதீங்க அண்ணே. நேரா போய்க் கேட்டுடுவோம். நானும் வரேன், சாட்சிக்கு." அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. கோபமாக இருந்தது என்பது நிஜம். அந்தச் சிவந்த காதுமடல் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்ததும் நிஜம்.

அடுத்த ஞாயிறு காலை நாலு பேரும் பஸ் ஏறினோம். பெருமாளைச் சேவிக்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தோம்; பாயும் கூட வந்ததால் அந்தக் காரணம் எடுபடவில்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடந்தபோது அந்தப் பாதிக் கோபுரம் எதிரே நின்றது. அப்பா அதை நிமிர்ந்து பார்த்து முறைத்தார். "இதை ஏன் பாதியில விட்டாங்கன்னு இப்பத்தான் புரியுது. எவனோ ஒருத்தன் சிவப்புப் பென்சிலோட வந்திருக்கான்" என்றார்.

அவர்கள் வீடு அடையவளஞ்சான் வீதியில். கதவைத் திறந்தது அவருடைய அம்மா. எங்களைக் கண்டதும், வாங்க என்றுகூடச் சொல்லாமல், "நீங்களே வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. இவனை வந்து என்னன்னு கேளுங்க" என்று அப்பாவின் முன்னால் கைகூப்பினார்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க வீட்டுலேர்ந்து வந்த நாளா இவன் சரியா சாப்பிடறதில்ல. லெட்டர் போடலாமாடான்னா, 'இதை முடிச்சுட்டுப் போடலாம்மா'ங்கறான். எதை முடிக்கணும்னா சொல்ல மாட்டேங்கறான். பலகைய வேற புதுசா ஒரு செட்டு அறுத்து வச்சிருக்கான்."

உள்ளறையில் அவர் இருந்தார். டிராயிங் பலகையில் பெரிதாக மொட்டைக் கோபுரம். சுவர் ஓரமாக, கோடு போட்டு அழித்த காகிதங்கள் முழங்கால் உயரத்துக்கு. பலகையின் மேல் பதினொரு துண்டுகள் அழகாக உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டாவது அவர் கையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்பா கோபமாகப் பேச வாயெடுத்தவர், அந்தக் காகிதக் குவியலைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "ஒண்ணுதான் பாக்கியா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமா சார். மூணு வாரமா ஒண்ணுதான் பாக்கி."

"போட்டாச்சுன்னீங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க பொண்ணு காபி ஆறறதுக்குள்ள முடிச்சுட்டாங்க. எனக்குப் பதினோரு நாள். ஏதோ வாய் தவறி வந்துடுச்சு சார். அப்பறம், நீங்க முடிக்கறதுக்குள்ள நான் முடிச்சுட்டா அது பொய்யாகாதுன்னு நெனச்சேன்."

"இதை யாராலயும் முடிக்க முடியாதுங்க" என்றேன் நான். உறையை எடுத்து நீட்டினேன். முப்பத்தொன்பதையும் முப்பத்தெட்டையும் சொன்னேன். அவர் தன் பெரிய படத்திலும் அப்படியே நிறம் தீட்டி, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வைத்து எண்ணினார். படகை வைத்தார், திருப்பினார், கவிழ்த்தார். பட்டறையில் அளவு சரிபார்க்கிறவர் போல நிதானமாக, எதையும் விடாமல். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். பாய் மட்டும் ஒரு ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். முதுகிலிருந்து மூட்டையை இறக்கின ஆள் மாதிரி இருந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். புரியாமல் கேட்கவில்லை, கேட்கப் பிடித்துக் கேட்டார். நான் இன்னொரு தடவை சொன்னேன்.

அவருடைய அம்மாவுக்கு இதெல்லாம் போதும் போதும் என்றாகிவிட்டது. "கோபுரம் கிடக்கட்டும்டா. பொண்ணு பிடிச்சிருக்கா, இல்லையா?"

"அன்னைக்கே பிடிச்சிருந்தது" என்றார் அவர். "யாரும் கேக்கலை."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "எனக்கு ஒரு வாரம் டயம் வேணும்" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாய், "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா" என்றார். எந்த வெள்ளி என்று அப்பா உடனே கேட்டுவைத்தார்.

நான் நிஜமாகவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். பொய் சொன்னவர் என்பதை ஒரு பக்கம் வைத்தேன். அந்தப் பொய்யை மெய்யாக்க மூன்று வாரம் பட்டினி கிடந்தவர் என்பதை இன்னொரு பக்கம் வைத்தேன். வியாழக்கிழமை ஒரு கார்டு எழுதிப் போட்டேன். "சம்மதம். முடியாததை முடித்ததாக இனிமேல் சொல்லக் கூடாது." கார்டு என்பதால் அவர்கள் தெருத் தபால்காரர் அதைப் படித்துவிட்டு, கொடுக்கும்போதே, "என்ன சார் முடியலை?" என்று விசாரித்தாராம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மேளக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அப்பாவும் பாயும் பந்தல் மூலையில் அட்டைத் துண்டுகளோடு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். "கணக்கு சரிதாம்மா. ஆனாலும் ஒரு தடவை பாத்துடறோமே" என்றார் அப்பா.

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிப் புத்தூருக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் புதிதாக ஏழு துண்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இந்த முறை முக்கோணம் இல்லை. தேன்கூட்டு அறை மாதிரி அறுகோணங்கள், நாலு நாலாக ஒட்டியவை. ஏழு நாலு இருபத்தெட்டு. ஒரு வரிசையில் ஏழு, அடுத்ததில் ஆறு என்று குறைந்துகொண்டே போய் உச்சியில் ஒன்றோடு முடியும் முக்கோணமாக அதை அடுக்க வேண்டுமாம்.

"முடியுமா?" என்று கேட்டேன்.

"தெரியலை" என்றார். ரொம்பத் தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாக. "உன்கிட்ட முதல்ல காட்டலாம்னு இன்னும் தொட்டுக்கூடப் பாக்கலை."

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிறம் போட்டுப் பார்த்தேன், மூன்று நிறம் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு இதில் பலிக்கவில்லை. துண்டுகளும் உட்காரவில்லை. என் மாமியார் வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சாதம் ஆறுகிறது என்று மூன்று தடவை சொல்லி, நாலாவது தடவை தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அந்த வளைஞ்சதை இந்தப் பக்கம் வையுங்க" என்றார். வைத்தோம். அதுவும் சரிவரவில்லை.